வருடத்துக்கு ஒரு விழாவா, வாரத்துக்கு ஒரு மணி நேரமா? கல்லூரியில் டேட்டா விஷுவலைசேஷனைத் தொடங்க ஐந்து வழிகள்

புதிதாக டேட்டா சயின்ஸ் துறை தொடங்கிய கல்லூரிகளில் இரண்டு வருடத்துக்குள் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "டேட்டா விஷுவலைசேஷனுக்கு நாமும் ஏதாவது செய்யணும். கொஞ்சம் பணம் ஒதுக்கலாம், ஒரு ரூம் தரலாம். என்ன செய்யலாம்னு எழுதிக் கொடுங்க சார்." டேட்டா விஷுவலைசேஷன் என்றால் தரவை, எண்களைப் படமாக வரைந்து காட்டுவது. நான் புள்ளியியல் பாடம் எடுப்பவன். இந்தக் கேள்வி என்னிடம் இரண்டு முறை வந்தது.

முதல் முறை ஒருநாள் தேசியக் கருத்தரங்கு என்று எழுதிக் கொடுத்தேன். மேடை, பேனர், மூன்று சிறப்பு விருந்தினர்கள், பொன்னாடை, மதியச் சாப்பாடு, முந்நூறு சர்டிஃபிகேட். வந்தவர்கள் நன்றாகவே பேசினார்கள், மாணவர்களும் கவனமாகக் கேட்டார்கள். மறுநாள் லேபுக்குப் போனேன். முந்தின வாரம் போட்ட அதே முப்பரிமாண பை சார்ட்டைத்தான் எல்லோரும் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த வருடத்துக்கான பணம் முழுவதும் தீர்ந்திருந்தது.

இரண்டாம் முறை கேட்டபோது உடனே எழுதவில்லை. இந்தத் துறையில் பெயர் வாங்கிய பல்கலைக்கழகங்கள் என்னென்ன நிகழ்ச்சிகள் நடத்துகின்றன, அங்கே நல்ல ஆய்வுகள் எதிலிருந்து பிறந்தன என்று தேடிப் படித்தேன். ஐந்து வழிகள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட்டன: பெரிய திரை, ஆண்டுக் கருத்தரங்கு, போட்டி, கண்காட்சி, வாரக்கூட்டம். எல்லாவற்றையும் ஒரே கேள்வியை வைத்து எடை போட்டேன். நிகழ்ச்சி முடிந்த அடுத்த வாரம், யாராவது தன் சொந்தத் தரவைத் தூக்கிக்கொண்டு வந்து, "இதை எப்படி வரையலாம்?" என்று கேட்பார்களா? கேட்பார்கள் என்றால் பணம் வீண்போகவில்லை.

பெரிய திரை

நிர்வாகத்துக்கு முதலில் பிடிப்பது இதுதான். சுவர் முழுக்கத் திரை, முன்னால் நின்று போட்டோ எடுக்கலாம், பார்க்க வரும் பெற்றோருக்கும் காட்டலாம். விற்பனைக்கு வருகிறவர்களும் அமெரிக்கப் பல்கலைக்கழகங்களின் படங்களோடுதான் வருவார்கள். படங்கள் உண்மையானவைதான். நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகம் 2012-இல் திறந்த 'ரியாலிட்டி டெக்' அறையில் நான்கு பக்கமும் சேர்த்து 416 திரைகள், மொத்தம் 150 கோடி பிக்சல். அதே 2012-இல் சிகாகோவில் இலினாய் பல்கலைக்கழகம் 72 திரைகளை வட்டமாக வளைத்து 'கேவ் 2' அமைத்தது.

ஆனால் சிகாகோவின் கதையைக் கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டும். முதல் 'கேவ்' அறையை, சுவர்களே திரைகளாகி உள்ளே நிற்பவரைப் படங்கள் சூழும் அறையை, அவர்கள் உலகுக்குக் காட்டியது 1992-இல். அதைக் கட்டிய எலெக்ட்ரானிக் விஷுவலைசேஷன் லேபை டாம் டிஃபான்டி என்ற கணினி ஆசிரியரும் டான் சாண்டின் என்ற ஓவியத்துறை ஆசிரியரும் 1973-இலேயே தொடங்கிவிட்டார்கள். பத்தொன்பது வருடம் ஒரு குழுவாக வேலை செய்த பிறகுதான் அந்த அறை வந்தது. என்ன காட்ட வேண்டும், எதற்குச் சாதாரணத் திரை போதவில்லை என்று அவர்களுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது.

நம் பக்கம் இது தலைகீழாக நடக்கும். திரை முதலில் வரும், அதில் காட்ட என்ன இருக்கிறது என்பது அப்புறம். நான் பார்த்த ஒரு இடத்தில், அப்படிப்பட்ட சுவரில் கல்லூரியின் விளம்பர வீடியோதான் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு திரைகள் கறுத்துப்போயிருந்தன. மாற்றுவதற்கு ஆளும் இல்லை, ஒப்பந்தமும் முடிந்திருந்தது. எனக்கு அது உண்மையிலேயே வருத்தமாக இருந்தது. அந்தப் பணத்தில் பத்து வருடம் வாரக்கூட்டம் நடத்தியிருக்கலாம்.

உங்கள் வளாகத்தில் மருத்துவக் கல்லூரி இருந்து, லேப்டாப் திரையில் அடங்காத ஸ்கேன் படங்களோடு யாராவது தினமும் மல்லுக்கட்டுகிறார்களா? செயற்கைக்கோள் படங்களை அங்குலம் அங்குலமாகப் பார்க்க வேண்டிய ஆய்வு நடக்கிறதா? அப்படியானால் பெரிய திரையை யோசிக்கலாம். மற்றவர்களுக்கு இப்போது வேண்டாம்.

ஆண்டுக் கருத்தரங்கு

என் முதல் பதில் இந்த வகைதான் என்பதால் இதைப் பற்றி நிறையவே யோசித்தேன். ஆண்டுக்கு ஒருநாள் நிகழ்ச்சி தன்னளவில் தப்பான வழியா? இல்லை. மனிதர் கணினியோடு எப்படிப் பழகுகிறார்கள் என்று ஆராயும் மேரிலாந்து பல்கலைக்கழகத்தின் ஹெச்சிஐஎல் ஆய்வுக்கூடத்தை பென் ஷ்னைடர்மன் 1983-இல் தொடங்கினார். அங்கே வருடாவருடம் நடக்கும் சிம்போசியம் அவர்களுடைய அடையாளமாகவே ஆகிவிட்டது. என்ன வித்தியாசம் என்றால், மேடையில் முக்கியமாகப் பேசுவது அந்தக் கூடத்தின் ஆசிரியர்களும் மாணவர்களும்தான். அந்த வருடம் தாங்கள் செய்த வேலையை ஊருக்குக் காட்டுகிறார்கள். நாங்கள் நடத்தியதில் பேசியவர்கள் எல்லோரும் வெளியாட்கள். எங்களிடம் காட்ட ஒன்றும் இல்லை. அறுவடை முடிந்த வீட்டில்தான் புது அரிசிப் பொங்கல் பொங்கும். நாங்கள் விதைக்காமலே பானையை அடுப்பில் ஏற்றியிருந்தோம்.

அந்தக் கூடத்தில் விதை எப்படி விழுந்தது என்பதற்கு ஒரு நல்ல உதாரணம் ட்ரீமேப். 1990 வாக்கில் அங்கே 14 பேர் பகிர்ந்துகொண்ட ஹார்டு டிஸ்க்கின் கொள்ளளவு 80 மெகாபைட். இன்று ஒரு போனில் இருக்கும் நாலைந்து வீடியோவுக்கே அது போதாது. டிஸ்க் அடிக்கடி நிரம்பிவிடும். யாருடைய எந்த ஃபைல் இடத்தை அடைக்கிறது என்று தெரியாது. ஃபோல்டருக்குள் ஃபோல்டராகக் கிளைவிடும் மரத்தை வழக்கம்போல வரைந்தால் ஒரு பக்கத்தில் அடங்காது, எது பெரிது என்பதும் தெரியாது. ஷ்னைடர்மன் திரை முழுவதையும் ஒரே செவ்வகமாக எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு ஃபோல்டருக்கும் அதன் அளவுக்கு ஏற்ற பங்கு, அதற்குள் இருக்கும் ஃபைல்களுக்கு அந்தப் பங்கிலிருந்து பங்கு என்று வயலைப் பாகம் பிரிப்பதுபோலப் பிரித்துக்கொண்டே போனார். பெரிய ஃபைல் பெரிய கட்டமாகக் கண்ணில் அடித்தது. 1998-இல் மார்ட்டின் வாட்டன்பர்க் இதே முறையில் பங்குச்சந்தையை வரைந்தார். இன்றைக்கு நம் கணினியில் இடம் எங்கே போனது என்று காட்டும் மென்பொருள் பலவும் இதே கட்டங்களைத்தான் போடுகின்றன.

கவனியுங்கள், இது எந்த விழாவிலும் பிறக்கவில்லை. பதினாலு பேருக்கும் பொதுவாக ஒரு தொல்லை இருந்தது, அதை ஒருவர் வரைந்து பார்த்தார். சிம்போசியம் அந்த வேலையை ஊருக்குக் கொண்டுபோனது. ஆகவே கருத்தரங்கை மூன்றாம் வருடத்துக்குத் தள்ளிவையுங்கள். உங்கள் மாணவர்கள் பேச எட்டுத் தலைப்புகள் சேர்ந்த பிறகு நடத்துங்கள்.

போட்டி

போட்டிகள் இரண்டு வகை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக்கூடாது.

நம் கல்லூரிகளில் நடப்பது 24 மணி நேர ஹேக்கத்தான். தரவு ஏதோ ஒன்று கிடைக்கும், விடிய விடிய உட்கார்ந்து டாஷ்போர்டு செய்வார்கள், கலர் பளிச்சென்று இருப்பதற்குப் பரிசு கிடைக்கும். அந்தப் படம் சொல்வது சரியா என்று சோதிக்க நடுவர்களிடம் வழி இருக்காது. உழைத்த பிள்ளைகளைக் குறை சொல்லவில்லை, போட்டியின் அமைப்பே அப்படி.

இன்னொரு வகை, ஆய்வாளர்கள் பொறுமையாகக் கட்டிய போட்டி. ஐஇஇஇ என்ற சர்வதேசப் பொறியாளர் சங்கம் நடத்தும் 'விஸ்' மாநாடு இந்தத் துறையின் பெரிய வருடாந்திரக் கூடல். 2006 முதல் அதோடு சேர்ந்து 'வாஸ்ட் சேலஞ்ச்' நடக்கிறது. கற்பனையாக ஒரு சம்பவத்தை உருவாக்கி, அதன் தடயங்களைத் தரவுக்குள் ஒளித்துவைப்பார்கள். 2014-இன் போட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். குரோனோஸ் என்ற கற்பனைத் தீவு, காஸ்டெக் என்ற கற்பனை நிறுவனம், அதன் ஊழியர்கள் சிலரைக் காணவில்லை. கையில் தருவது பழைய செய்திகள், அலுவலக மின்னஞ்சல்களின் தலைப்புகள், கார்களின் ஜிபிஎஸ் பதிவுகள், கிரெடிட் கார்டு செலவுகள். நள்ளிரவில் மேலதிகாரி வீட்டருகே யாருடைய கார் திரும்பத் திரும்ப நிற்கிறது என்பதை எண்களை வெறித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. வரைந்தால்தான் தெரியும். விடை போட்டி நடத்துபவர்கள் கையில் இருப்பதால், படம் உண்மையைக் காட்டியதா இல்லையா என்று நேராகச் சொல்லிவிடலாம்.

இதில் பெரிய வசதி, பழைய போட்டிகளின் தரவு எல்லோருக்கும் கிடைக்கிறது. மேரிலாந்து குழுவின் கேத்தரின் பிளேசான் போன்றவர்கள் தரவையும் விடைகளையும் வகுப்புகளில் பயன்படும்படி சேர்த்துவைத்தார்கள். ஒரு பருவத்தின் லேபையே இதை வைத்து நடத்தலாம், செலவு ஒன்றுமில்லை.

குறை என்னவென்றால், தரவு மாணவருடையது இல்லை. குரோனோஸ் தீவின் மேல் யாருக்கும் பாசம் கிடையாது. பரிசு கொடுத்து முடித்ததும் ஃபைலை மூடிவிடுவார்கள். பழகுவதற்குப் போட்டி நல்ல களம். ஆய்வு தொடங்க அது போதாது.

கண்காட்சி

இதைச் சுருக்கமாகவே சொல்லலாம். இண்டியானா பல்கலைக்கழகத்தில் கேட்டி போர்னர் 2005-இல் தொடங்கிய 'பிளேசஸ் அண்டு ஸ்பேசஸ்' கண்காட்சி, வருடத்துக்குப் பத்து மேப் வீதம் பத்து வருடத்தில் நூறு மேப்களைச் சேர்த்தது. அறிவியலை மேப்பாக வரைந்தால் எப்படியிருக்கும் என்பதுதான் கரு. ஊர் ஊராக, நாடு நாடாக அது போனது. பிரின்ஸ்டனில் 2005-இலேயே தொடங்கிய 'ஆர்ட் ஆஃப் சயன்ஸ்' போட்டியில் ஆய்வின் நடுவே கிடைத்த அழகான படங்களைச் சுவரில் மாட்டினார்கள்.

நமக்கு இது மலிவான வழி. ஃபிளெக்ஸ் கடை இல்லாத ஊர் இல்லை. நூலகத்துக்குப் போகும் வராண்டாவில் பன்னிரண்டு படங்களை மாட்டினால், தமிழ்த்துறை மாணவியும் நின்று பார்ப்பார், அலுவலக உதவியாளரும் நின்று பார்ப்பார். பளபளப்பான ஃபிளெக்ஸில் மட்டும் அடிக்காதீர்கள், ட்யூப்லைட் வெளிச்சம் பட்டுப் பாதிப் படம் தெரியாது. மேட் பேப்பரே நல்லது. ஒவ்வொரு படத்துக்குக் கீழும் வரைந்தவரின் பெயரும் வகுப்பும் இருக்கட்டும். ஆனால் மாட்டுவதற்குப் படம் எங்கிருந்து வரும்? அதற்கு அடுத்த வழி வேண்டும்.

வாரத்துக்கு ஒரு மணி நேரம்

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 'டப்' என்ற கூட்டமைப்பு இருக்கிறது. கணினி, வடிவமைப்பு, நூலக-தகவல் அறிவியல் என்று பல துறையினர் சேர்ந்தது. வாராவாரம் கூடுகிறார்கள். மேரிலாந்து குழுவுக்கு மதியச் சாப்பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து உட்காரும் வாரக்கூட்டம் உண்டு. டியூக் பல்கலைக்கழகத்தில் வெள்ளிக்கிழமை மதியம் 'விஷுவலைசேஷன் ஃப்ரைடே ஃபோரம்' நடத்தினார்கள். எதிலும் ஆடம்பரம் கிடையாது. ஒருவர் பேசுவார், மற்றவர்கள் கேள்வி கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனால் அடுத்த வாரமும் அதே நேரம், அதே அறை.

இப்படி விடாமல் கூடும் இடத்தில் என்ன விளையும்? ஜெஃப்ரி ஹீர் என்ற விஷுவலைசேஷன் ஆய்வாளரும் அவருடன் வேலை செய்தவர்களும் செய்ததைப் பாருங்கள். 2005-இல் பெர்க்லியில் 'ப்ரீஃப்யூஸ்' என்ற, தரவைப் படமாக வரைய உதவும் மென்பொருள் கருவி. 2009-இல் ஸ்டான்ஃபோர்டில் மைக் போஸ்டாக்குடன் 'ப்ரோட்டோவிஸ்'. 2011-இல் 'டி3'. 2013-இல் ஹீர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மாறினார். அங்கே 'வேகா', 2016-இல் 'வேகா-லைட்'. அதன் மேல்தான் இன்று பைத்தானில் நம் மாணவர்கள் பயன்படுத்தும் 'ஆல்டேர்' நிற்கிறது. எல்லாமே ஒரே கேள்விக்கு அடுத்தடுத்து வந்த விடைகள்: மனதில் இருக்கும் படத்தை எவ்வளவு குறைந்த வார்த்தையில் கணினிக்குச் சொல்லலாம்? பத்து வருடத்துக்கு மேல் ஒரே கேள்வியை விடாமல் பிடித்திருக்க, வருடத்துக்கு ஒருநாள் கூடினால் போதாது.

வாரக்கூட்டத்துக்கு இதைவிடப் பெரிய பலன் ஒன்று உண்டு. தரவு வைத்திருப்பவரும் வரையத் தெரிந்தவரும் ஒரே மேஜைக்கு வருவார்கள். ஹார்வர்டில் மிஷெல் போர்கின் 2011-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அழுத்தமான சாட்சி. இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் எந்த இடம் ஆபத்தானது என்பதை, முப்பரிமாணப் படத்தில் வானவில் நிறங்களில் காட்டுவதுதான் வழக்கமாக இருந்தது. போர்கினின் குழு மருத்துவர்களோடு உட்கார்ந்து பேசி, குழாய்களைத் தட்டையாக விரித்து வரைந்து, நிறத்தையும் மாற்றியது. பிறகு மருத்துவ மாணவர்களிடம் இரண்டையும் கொடுத்துச் சோதித்தார்கள். பழைய படத்தில் ஆபத்தான இடங்களில் 39 சதவீதத்தைத்தான் கண்டுபிடித்தார்கள். புதியதில் 91 சதவீதம். ஸ்கேன் அதேதான், எண்களும் அவையேதான். வரைந்த விதம் மட்டும் மாறியது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் அறை ஒரு நிமிடம் அமைதியாகிவிடும்.

நமக்குப் பக்கத்திலேயே ஒன்று சொல்கிறேன். பெங்களூர் ஐஐஎஸ்சியில் விஜய் நடராஜனின் விஷுவலைசேஷன் குழு கணினித் துறையில் இருக்கிறது. பி. என். வினயசந்திரன் அதே வளாகத்தில் கடல் ஆய்வு செய்கிறவர். தென்மேற்குப் பருவக்காலத்தில் அரபிக்கடலின் உப்பு மிகுந்த நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் நுழைகிறது. உள்ளே நுழைந்த நீர் நன்னீர் கலந்த மேல்மட்டத்துக்குக் கீழே எங்கெங்கே போகிறது, நாளுக்கு நாள் அதன் முகப்பு எப்படி நகர்கிறது என்பதைத் தரவிலிருந்து பின்தொடர்ந்து வரைய இருவரின் குழுக்களும் சேர்ந்து முறைகளை உருவாக்கின. கடலைத் தெரிந்தவர் இல்லாமல் எது முகப்பு என்று தீர்மானிக்க முடியாது, வடிவக் கணக்குத் தெரிந்தவர் இல்லாமல் அதைப் பின்தொடர முடியாது.

எங்கள் சின்னக் கூட்டத்திலும் இதன் சாயல் ஒன்று நடந்தது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

கூட்டம் தொடங்கி ஆறாவது வாரமோ ஏழாவது வாரமோ. சிவில் துறையில் எம்இ படிக்கும் ஒரு மாணவர், ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையை மாவட்டவாரியாகத் தமிழ்நாட்டு மேப்பில் நிறமிட்டுக் கொண்டுவந்தார். ஒழுங்கான படம். வெளிர்நீலத்தில் தொடங்கிக் கருநீலம் வரை, குறிப்புப் பட்டை எல்லாம் சரியாக இருந்தது. நானும் பார்த்தேன், இன்னொரு ஆசிரியரும் பார்த்தார், பாராட்டினோம். கடைசி பெஞ்சில் இருந்த இரண்டாம் வருட மாணவி ஒருவர் தயங்கித் தயங்கி எழுந்தார். "சார், எங்க ஊர் தென்காசி. இந்த மேப்ல எங்க மாவட்டத்தையே காணோமே."

எல்லோரும் திரைக்குப் பக்கத்தில் போனோம். உண்மைதான். இணையத்தில் இருந்து அவர் இறக்கிய ஷேப் ஃபைல், அதாவது மாவட்ட எல்லைகளை வைத்திருக்கும் ஃபைல், பழையது, அதில் 32 மாவட்டங்கள். மழைத் தரவு புதியது, அதில் 38. பெயரை வைத்து இரண்டையும் சேர்த்தபோது, கள்ளக்குறிச்சி, தென்காசி, செங்கல்பட்டு, ராணிப்பேட்டை, திருப்பத்தூர், மயிலாடுதுறை ஆறும் சத்தமில்லாமல் உதிர்ந்துவிட்டன. மேப்பில் வெள்ளைத் திட்டு எதுவும் விழவில்லை, ஏனென்றால் பழைய திருநெல்வேலி உருவம் தென்காசியையும் சேர்த்தே நிறைத்துக்கொண்டிருந்தது. சாரல் காலத்தில் குற்றாலத்தில் கொட்டும் மழை கணக்கிலேயே இல்லை. அந்த இடத்துக்கு இன்றைய திருநெல்வேலி மாவட்டத்தின் எண்ணுக்குரிய நிறம் பூசப்பட்டிருந்தது. பெயரின் எழுத்துக்கூட்டல் தப்பாக இருந்தால் உருவம் வெள்ளையாக நின்று காட்டிக்கொடுக்கும். இது காட்டிக்கொடுக்காத தப்பு. பாடம் எடுக்கும் எங்கள் இருவர் கண்ணிலும் படவில்லை. அந்த ஊர்ப் பெண்ணின் கண்ணில் பட்டது.

அன்றைக்கு வெள்ளைப் பலகையின் மூலையில் "சேர்ப்பதற்கு முன் எத்தனை வரி? சேர்த்த பின் எத்தனை?" என்று எழுதினோம். இன்னும் அழிக்கவில்லை. மாவட்ட எல்லைகள் மாறும்போது பழைய தரவையும் புதிய தரவையும் எப்படி ஒரே மேப்பில் நேர்மையாகக் காட்டுவது என்பதை அந்த இருவரும் இப்போது சேர்ந்து பார்க்கிறார்கள். ஒருவர் சிவில், இன்னொருவர் டேட்டா சயின்ஸ். கருத்தரங்கு நடந்த வருடத்தில் இப்படி ஒரு ஜோடி எங்களுக்குக் கிடைக்கவில்லை.

வாரக்கூட்டத்துக்கும் குறைகள் உண்டு, மறைக்கவில்லை. செய்தித்தாளில் படம் வராது. அங்கீகாரக் குழு வரும்போது காட்டுவதற்குப் பதிவேட்டைத் தவிர ஒன்றும் இருக்காது. மூன்றாம் மாதம் ஒருமுறை கூட்டம் மெலியும். எங்களுக்கு இன்டர்னல் தேர்வு வாரத்தில் நான்கு பேர்தான் வந்தார்கள். நடத்துகிற ஆசிரியர் மாற்றலாகிப் போனால் கூட்டமே நின்றுவிடலாம். அதனால் தொடக்கத்திலிருந்தே இரண்டு பேர் பொறுப்பில் இருப்பது நல்லது, அதில் ஒருவர் வேறு துறையைச் சேர்ந்தவராக இருக்கட்டும்.

எப்படித் தேர்ந்தெடுப்பது

எங்களுக்கு வாரக்கூட்டம்தான் முதலில் வந்தது. பருவ முடிவில் அதில் தேறிய படங்களை வராண்டாவில் மாட்டுகிறோம். வாஸ்ட் தரவை லேப் வகுப்பில் வைத்துக்கொண்டோம், பரிசு இல்லாமல், விடையைக் கடைசி நாளில் திறந்து காட்டுகிறோம். கருத்தரங்கு இனிமேல்தான். திரை வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

எல்லோருக்கும் இதே வரிசை பொருந்தாது. ஆய்வு மாணவர்களே இல்லாமல் இளநிலை வகுப்புகள் மட்டும் இருக்கும் கல்லூரி என்றால், போட்டித் தரவில் தொடங்குவது சுலபம், வாரக்கூட்டத்துக்கு ஆள் சேர ஒரு வருடம் ஆகும். பல துறைகள் ஒரே வளாகத்தில் இருக்கும் பல்கலைக்கழகம் என்றால் தயங்கவே வேண்டாம், கூட்டத்தைத் தொடங்கிவிடுங்கள். தாவரவியலில், பொருளியலில், நூலகத்தில் எல்லாம் வரையப்படாத தரவு எக்ஸெல் ஃபைல்களில் கிடக்கிறது.

வேறு துறைக்காரரோடு சேர்ந்து வேலை தொடங்கும் முன் ஒன்றைப் பார்த்துக்கொள்ளுங்கள். மைக்கேல் செட்ல்மையர், யூட்டா பல்கலைக்கழகத்தில் அப்போது இருந்த மிரியா மெயர், டமாரா மன்ஸ்னர் என்ற விஷுவலைசேஷன் ஆய்வாளர்கள் மூவரும் 2012-இல் தங்கள் அனுபவத்திலிருந்து இப்படிப்பட்ட கூட்டு ஆய்வுகளில் விழக்கூடிய 32 குழிகளைப் பட்டியலிட்டார்கள். உண்மையான தரவு இன்னும் கைக்கு வராமலேயே தொடங்குவது அதில் ஒன்று. கூட வேலை செய்ய வேண்டியவருக்கு நேரமே இல்லாமல் இருப்பது இன்னொன்று. நாங்கள் இரண்டிலும் விழுந்து எழுந்தோம். "டேட்டா அடுத்த வாரம் வந்துடும்" என்று சொன்ன ஒருவருக்காக ஒரு பருவம் முழுக்கக் காத்திருந்தோம். இப்போது எங்கள் விதி எளிது. ஃபைலைக் கையில் கொண்டுவந்தால் அந்த வாரப் பேச்சு அவருடையது. ஃபைல் இல்லையென்றால் கேட்க வரலாம், பேச வேண்டாம்.

நடைமுறையில் இன்னும் சில. லேப் இல்லாத மதியமாகப் பாருங்கள், எங்களுக்குப் புதன்கிழமை அமைந்தது. முடிக்காத படத்தைத்தான் கொண்டுவரச் சொல்ல வேண்டும். முடித்த படத்தைக் காட்டுகிறவர் பாராட்டை எதிர்பார்ப்பார், முடிக்காததைக் காட்டுகிறவர் உதவியை எதிர்பார்ப்பார். முதல் பத்து நிமிடம் வரைந்தவர் பேசக்கூடாது என்று வைத்தோம். மற்றவர்கள் படத்திலிருந்து என்ன புரிகிறது என்று சொல்ல, அவர் கேட்டுக்கொண்டிருப்பார். பயல்களுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது, இப்போது பழகிவிட்டது. சிவப்பு-பச்சை வித்தியாசம் தெரியாத மாணவர் ஒருவர் எங்கள் குழுவில் இருக்கிறார் என்பதே இந்தப் பத்து நிமிடத்தில்தான் எங்களுக்குத் தெரிந்தது.

நான் எழுதிக் கொடுத்த இரண்டாவது கோரிக்கை ஒரே பக்கம்தான். வாரம் ஒரு மணி நேரத்துக்கு அறை, பழைய ப்ரொஜெக்டருக்கு ஒரு பல்பு, கலர் பிரிண்டருக்கு மை, வாரம் இருபது பேருக்குத் தேநீர். முதல் மூன்றும் உடனே கிடைத்தன. தேநீரை அடித்துவிட்டார்கள், திரும்பப் போய் விளக்கிச் சொல்லி வாங்கினேன். கூட்டம் நாலரைக்கு முடியும். தேநீர் இருந்தால் ஐந்து மணி வரை யாரும் போக மாட்டார்கள். அந்த அரை மணியில்தான், ஒரு மணி நேரமும் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த தாவரவியல் ஆசிரியை ஒருநாள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தார். பதினோரு வருடமாக வளாகத்து மரங்கள் எந்த வாரம் பூத்தன என்று குறித்துவைத்திருந்தார்.